படுக்கையும் வீடும்: சென்னைக் காசநோய் ஆய்வை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. சென்னை நகரத்து ஏழைக் காசநோயாளிகளை அவர்கள் வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியுமா, அல்லது சானடோரியத்தில் சேர்த்தேயாக வேண்டுமா என்ற கேள்விக்கு அது பதில் சொன்னது. வீடே போதும் என்பதுதான் பதில். அதற்குப் பிறகு சானடோரியம் என்ற அமைப்பு உலகம் முழுவதும் மெல்ல மெல்லத் தேவையற்றதாயிற்று. பொதுச் சுகாதார வரலாற்றில் சென்னை என்ற பெயர் நிலைத்திருப்பதற்கு இந்தக் கட்டுரை ஒரு முக்கியமான காரணம்.

மருத்துவர்கள் இதைத் தங்களுடைய வெற்றிக்கதையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும், அதற்கான தகுதி அதற்கு உண்டு. ஆனால் உடல், அதிகாரம், கண்காணிப்பு என்று இத்தனை வருஷங்களாக எழுதிக்கொண்டிருக்கும் நம் சிறுபத்திரிகைப் பக்கங்களில் இந்த ஆய்வு பேசப்பட்டதாக எனக்கு நினைவில்லை. ஃபூக்கோ எழுதிய பாரிஸ் மருத்துவமனையின் பிறப்பு நமக்குத் தெரியும். சேத்துப்பட்டு தெரியாது.

மருத்துவத்தில் எனக்குப் பயிற்சி எதுவும் கிடையாது. தமிழ் எம்.ஏ. படித்தவன், பிரதிகளை வாசிக்கத்தான் தெரியும். இந்தப் பிரதியை வாசிக்க எனக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. 'வீட்டுச் சிகிச்சை' என்று அதில் வருகிற வீடு, ஒரு தலைமுறை தாண்டி, எங்கள் வீடும்தான். எனவே விலகி நின்று எழுத என்னால் முடியாது. முடிந்ததுபோல் பாவனை செய்யவும் போவதில்லை.

2

சானடோரியம் ஐரோப்பாவில் பிறந்த கருத்து. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மானிய மருத்துவர் பிரேமர் தொடங்கிவைத்தது. மலைக்காற்று, ஓய்வு, கொழுத்த உணவு - இதுதான் வைத்தியம். 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த பிறகும் இது மாறவில்லை. ஏனென்றால் கிருமி தெரிந்ததே ஒழிய, அதைக் கொல்லும் மருந்து தெரியவில்லை. மருந்து இல்லாத அறுபது வருஷத்துக்குப் படுக்கைதான் மருந்து. தாமஸ் மன்னின் 'மந்திர மலை' (1924) நாவலில் சுவிட்சர்லாந்து மலைமேல் படுத்திருப்பவர்கள் காலத்தையும் மரணத்தையும் பற்றி விவாதிக்க முடிகிறதென்றால், மலைக்குக் கீழே அவர்களுக்காக வேறு யாரோ வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

அந்தக் கருத்து இங்கே வந்தது. 1915இல், அன்றைய சென்னை மாகாணத்திலிருந்த மதனப்பள்ளிக்கு அருகே, ஆரோக்கியவரத்தில் கிறிஸ்தவ மிஷன்கள் சேர்ந்து ஒரு சானடோரியம் தொடங்கின. 1928இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து தாம்பரத்தில் ஒன்றைத் தொடங்கினார். 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் மின்சார ரயிலில் 'சானடோரியம்' என்றால் அது ஸ்டேஷன் பெயர். சொல்லுக்குள் இருந்த பயம் போய்விட்டது.

இதே சவுரிமுத்து அதற்கு முன்பு இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம் நடத்திவந்தார். 1917இல் அங்கே நோயாளியாக இருந்தவர்களில் ஒருவர் கணித மேதை ராமானுஜன். திறந்த ஜன்னல், குளிர்காற்று என்ற அந்த வைத்தியம் கும்பகோணத்து உடம்புக்கு எப்படியிருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். 1920இல் அவர் இறந்தது சென்னைச் சேத்துப்பட்டில். (அவருக்கு வந்தது காசநோயே அல்ல, கல்லீரலைத் தாக்கும் அமீபா நோய் என்று 1994இல் ஒரு வாதம் முன்வைக்கப்பட்டது. அது வேறு கதை.) முப்பத்தாறு வருஷம் கழித்து அதே சேத்துப்பட்டில்தான் நான் பேசப்போகிற ஆய்வு மையம் வந்தது. தற்செயல்தான். இருந்தாலும் சொல்லத் தோன்றுகிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு சாவு புதுமைப்பித்தனுடையது. சினிமா வேலையாகப் புனே போனவர் காசநோயோடு திரும்பி 1948இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். அதே 1948இல்தான் ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயைக் கட்டுப்படுத்துகிறது என்ற பிரிட்டிஷ் ஆய்வின் முடிவு வெளிவந்தது. நம் இலக்கிய வரலாறு அந்தச் சாவை மேதையின் வறுமை என்ற கதையாடலுக்குள் வைத்துச் சொல்லிப் பழகிவிட்டது. மருந்து யாரை எப்போது வந்தடைகிறது என்பதன் வரலாறாகவும் அதைச் சொல்லலாம்.

இந்த நோய்க்கு நாம் வைத்திருக்கும் பெயர்களையும் பார்க்க வேண்டும். 'க்ஷயம்' என்றால் தேய்வு. சயரோகம் என்பது தேய்ந்துபோகிற நோய். 'எலும்புருக்கி' என்பதும் அதுதான். 'காசம்' என்றால் இருமல். முதல் இரண்டும் உடம்பு கரைவதைப் பார்த்து வைத்த பெயர்கள். மூன்றாவது, அடுத்தவருக்குப் பரவுகிற வழியைப் பார்க்கிறது. இன்று அரசுச் சுவரொட்டியில் இருப்பது காசநோய். சொல் மாறியதால்தான் கொள்கை மாறியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேய்வு என்ற சொல்லுக்குள் இருந்த பசி, காசம் என்ற சொல்லுக்குள் இல்லை என்பது கவனத்துக்குரியது. பின்னால் இதற்கு வருகிறேன்.

சூசன் சொன்டாக் 'நோய் ஓர் உருவகமாக' (1978) நூலில், 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா காசநோயைக் கலைஞர்களின், மென்மையானவர்களின் நோயாக அழகுபடுத்தியதை விவரிக்கிறார். இங்கேயும் உருவகம் உண்டு. ஆனால் நம் தெருவில் அதற்குப் பெயர் 'அந்தச் சீக்கு'.

3

ஐம்பதுகளின் நடுவில் நிலைமை இதுதான். மருந்துகள் வந்துவிட்டன. ஸ்ட்ரெப்டோமைசினுக்குப் பிறகு பி.ஏ.எஸ்., 1952இல் ஐசோநியாசிட். ஐசோநியாசிட் மலிவு, வாய்வழி விழுங்கக்கூடியது. மறுபக்கம், 1955 முதல் 1958 வரை நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, காசநோய் நகரத்து நோய் என்ற நம்பிக்கையை உடைத்தது. கிராமத்திலும் ஏறக்குறைய அதே அளவு. நோயாளிகள் பல லட்சம் பேர், படுக்கைகளோ சில ஆயிரம். எல்லாருக்கும் சானடோரியம் கட்டுவது எந்தத் திட்டக் குழுவாலும் நினைத்துப்பார்க்கக்கூட முடியாத காரியம். வீட்டில் வைத்துப் பார்ப்பது படுக்கை கிடைக்காதவனின் தலைவிதியாக இருந்தது. அதை ஒரு சிகிச்சை முறையாக நிரூபிக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. தலைமையேற்றவர் பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ். சென்னையின் நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளிலிருந்து 193 நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி, யார் வீட்டுக்கு, யார் சானடோரியத்துக்கு என்பது தற்செயலுக்கு விடப்பட்டது. இரண்டு தரப்புக்கும் ஒரே மருந்து: ஐசோநியாசிட்டும் பி.ஏ.எஸ்ஸும், ஒரு வருஷத்துக்கு.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வு, காற்றோட்டம், நல்ல சாப்பாடு, பக்கத்திலேயே நர்ஸ். வீட்டில் இருந்தவர்களுக்கு ஒற்றை அறை, பிள்ளைகுட்டிகள், குறைந்த சோறு, பலருக்கு வேலையும். வருஷ முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். இவ்வளவு ஏற்றத்தாழ்வான நிலைமைகளுக்கு இது மிகச் சின்ன வித்தியாசம். ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தபோதும் இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

இன்னொரு முடிவு எனக்கு இதைவிட முக்கியமானது. வீட்டில் வைத்துப் பார்த்தால் கூட இருப்பவர்களுக்கு ஒட்டிக்கொள்ளாதா? ஒட்டவில்லை என்றல்ல, சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பங்களைவிட இந்தக் குடும்பங்களில் நோய் கூடுதலாக வரவில்லை என்பதுதான் கண்டது. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, அதாவது பெயரில்லாமல் இருமிக்கொண்டிருந்த மாதங்களிலேயே, தொற்றிமுடிந்துவிடுகிறது. மருந்து ஆரம்பித்த பிறகு பிரித்துவைப்பதால் பெரிய லாபம் இல்லை.

இது அறிவியல் முடிவு மட்டுமல்ல. தனிமைப்படுத்தல் என்ற தண்டனையிலிருந்து கோடிக்கணக்கானவர்களை விடுவித்த தீர்ப்பு. சும்மா சொல்லக்கூடாது, அறுபது வருஷம் கழித்துப் படிக்கும்போதும் அந்த எண்களில் ஒரு ஜனநாயகம் இருக்கிறது. ஏழையின் வீட்டை அழுக்கின், அறியாமையின் இடமாக மட்டுமே பார்த்துப் பழகிய காலனிய சுகாதாரச் சொல்லாடலுக்குள் நின்றுகொண்டு, அந்த வீட்டிலும் குணமாகும் என்று சொன்னது சாதாரண காரியமில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. மாத்திரையை விழுங்க வேண்டும். பி.ஏ.எஸ். வயிற்றைப் புரட்டுகிற மருந்து, விழுங்கியாக வேண்டிய அளவும் அதிகம். ஆகவே வாராவாரம் மையத்துக்கு வந்து மருந்து வாங்க வேண்டும். சொல்லாமல்கொள்ளாமல் ஒருவர் வீட்டுக்கு வந்து மிச்சமுள்ள மருந்தை எண்ணுவார். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போனதா என்று பார்ப்பார்கள். மருத்துவமனையின் சுவரை இடித்தார்கள், உண்மைதான். மருத்துவமனையின் கண் வீட்டுக்குள் வந்தது. நோயாளி தானே மருந்து எடுத்துக்கொள்வார் என்று நம்ப முடியாது என்ற சிந்தனை அடுத்த கட்டத்துக்குப் போயிற்று. வாரம் இரண்டு முறை மையத்தில், ஊழியர் முன்னிலையில் ஊசியும் மாத்திரையும் கொடுக்கும் முறையைச் சோதித்து 1964இல் வெளியிட்டார்கள். 1990களில் 'நேரடிக் கண்காணிப்பில் சிகிச்சை' என்று உலக சுகாதார நிறுவனம் உலகத்துக்கே சிபாரிசு செய்த முறைக்கு வேர் இங்கேயும் இருக்கிறது.

4

2009இல் நான் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அப்பா டீ மாஸ்டர். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் விடியற்காலை நாலு மணியிலிருந்து பாய்லர் முன்னால் நிற்பார். மூன்று மாதமாக இருமல். மெடிக்கல் ஷாப்பில் ஒரு சிரப், பக்கத்துக் கிளினிக்கில் இன்னொரு சிரப், மறுபடி மெடிக்கல் ஷாப். சளியைச் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இது அப்பாவின் தனிப்பட்ட துரதிர்ஷ்டம் இல்லை. பெங்களூர் தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூர் பக்கத்துக் கிராமங்களில் ஆய்வு செய்து 1963இல் எழுதினார்கள். கிராமத்து ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை, அவர்கள் வைத்தியத்துக்கு வரமாட்டார்கள் என்பதுதான் அன்றைய பொதுப்புத்தி. அவர்கள் கண்டது நேர்மாறு. கிருமி இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தாங்களாகவே ஆஸ்பத்திரி வாசலுக்குப் போயிருந்தார்கள். அங்கே கிடைத்தது ஒரு பாட்டில் இருமல் மருந்து. 1963க்கும் 2009க்கும் இடையில் பாட்டில் கண்ணாடியிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியிருந்தது.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் சளி பரிசோதனை. முடிவு வந்த அன்றைக்கு அப்பா கேட்ட முதல் கேள்வி, "கடைல தெரிஞ்சுருமா சார்?" டீ மாஸ்டருக்கு இந்த நோய் என்று தெரிந்தால் அந்தக் கடையில் யார் டீ குடிப்பார்கள்? வேலைக்குப் போகவில்லை. காரணம் மஞ்சள்காமாலை என்று சொல்லிவிட்டோம்.

அன்றைய திட்டத்தில் மருந்து வாரம் மூன்று நாள். அப்பா பெயர் எழுதிய அட்டைப்பெட்டி அங்கன்வாடியில் இருக்கும். குழந்தைகள் சோறு சாப்பிடும் இடத்தில், டீச்சர் முன்னால் நின்று அப்பா மாத்திரையை விழுங்கிவிட்டு வருவார். ஐம்பது வயது ஆள், வாயைத் திறந்து காட்ட வேண்டும். "ஸ்கூல்ல கூட என்னை இப்புடி நிறுத்துனதில்லடா" என்றார் ஒருநாள். ஒருமுறை பெரியப்பா சாவுக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் தங்கிவிட்டார். சுகாதாரப் பார்வையாளர் வீடு தேடி வந்துவிட்டார். "டிஃபால்டர்னு எழுதவேண்டி வந்துரும்யா" என்றார். எங்கள் வீட்டில் அந்தச் சொல் ஏற்கெனவே தெரியும். அம்மாவின் குழுக் கடனுக்கு வசூலுக்கு வருகிறவர் வாயிலிருந்து தெரிந்த சொல். கடன் கட்டத் தவறியவனுக்கும் மாத்திரை விழுங்கத் தவறியவனுக்கும் ஒரே பெயர். உலக சுகாதார நிறுவனம் 2013இல்தான் அந்தச் சொல்லைத் தன் படிவங்களிலிருந்து எடுத்தது.

வீட்டில் அம்மா செய்த முதல் காரியம், அப்பாவுக்குத் தனி டம்ளர், தனித் தட்டு. காசநோய் காற்றில் பரவுவது. தட்டிலும் டம்ளரிலும் பரவுவதில்லை. யாரும் அம்மாவுக்கு இதைச் சொல்லவில்லை என்பது ஒரு பக்கம். சொல்லித்தரத் தேவையில்லாமலே தனி டம்ளர் என்ற வடிவம் நம் கைக்குள் தயாராக இருந்தது எப்படி என்பது இன்னொரு பக்கம். டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்த சமூகம் இது. தொற்று என்ற நவீனக் கருத்து வந்தபோது அது காலி இடத்தில் வந்து உட்காரவில்லை. தீட்டு ஏற்கெனவே போட்டுவைத்திருந்த பலகையில் உட்கார்ந்தது. முப்பது வருஷம் ஊருக்கே டம்ளர் கழுவிக்கொடுத்த அப்பா, வீட்டில் தன் டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவைத்தார்.

அப்பாவுக்குக் குணமாயிற்று. 2011இல் அக்காவுக்கு வந்தது. இருபத்துநாலு வயது, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளூரில் மருந்து எடுத்தால் தெரிந்துவிடும் என்று சித்தி ஊரில் கொண்டுபோய் விட்டோம். ஆறு மாதம். அவளும் குணமாகிவிட்டாள், கல்யாணமும் நடந்தது. இன்றைக்கும் யாராவது கேட்டால் அப்போது டைஃபாய்டு என்றுதான் சொல்கிறாள்.

அப்பா கடைசிவரை ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் ஆஸ்பத்திரிலயே கெடந்திருந்தா அந்தப் புள்ளைக்கு வந்திருக்காது." 2017இல் மாரடைப்பில் இறந்தார். சென்னை ஆய்வின் தொற்று பற்றிய முடிவை நான் படித்தது அதற்குப் பிறகு. வீட்டில் இருந்ததால் வந்ததல்ல; அந்த மூன்று மாத சிரப் காலத்திலேயே வந்திருக்கக்கூடியது. 1966இலேயே அச்சில் இருந்த ஒரு விஷயம். அப்பாவிடம் அதைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

5

இங்கேதான் ஒரு சிக்கல். என் அப்பாவை விடுவிக்கிற அதே ஆய்வு, வேறொன்றை மறைக்கவும் பயன்பட்டது.

சேத்துப்பட்டு மையம் உணவைத் தனியாக ஆராய்ந்தது. வீட்டு நோயாளிகளின் சாப்பாடு சானடோரியக்காரர்களுடையதைவிட மிகக் குறைவு. எடையும் குறைவாகவே கூடியது. இருந்தும் நோய் அடங்கியது. சரியான மருந்து இருந்தால் நோய் அடங்குவதற்கு உணவு தீர்மானகரமானதல்ல என்று 1961இல் எழுதினார்கள். ஆய்வு என்ற அளவில் இது நேர்மையான முடிவு. அவர்கள் கேட்ட கேள்வி: 'குறைந்த சாப்பாட்டிலும் மருந்து வேலை செய்யுமா?' பதில்: செய்யும்.

கேட்கப்படாத கேள்விகள் இரண்டு. பசி இருக்கும் உடம்புக்கு நோய் வருவதைச் சோறு தடுக்குமா? எலும்பும் தோலுமாக வருகிறவர் மருந்து வேலை செய்யும்வரை உயிரோடு இருப்பாரா? முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதிலாக எடுத்துக்கொள்வது ஏழை நாட்டு அரசுகளுக்கு மிக வசதியாக இருந்தது. மாத்திரையை எண்ணலாம், வாங்கலாம், அனுப்பலாம். சோறும் கூலியும் வீடும் அப்படியில்லை. அவற்றைத் தொட்டால் நிலமும் சாதியும் சம்பளமும் கூடவே வரும். 1962இல் தேசியக் காசநோய்த் திட்டம் வந்தது. அதன் நோயாளிகளில் பாதிக்கும் குறைவானவர்களே மருந்தை முடிக்கிறார்கள் என்று தெரிந்தபிறகு, 1997 முதல் திருத்தப்பட்ட திட்டம் விரிந்தது. கண்காணிப்பு கூடியது. சோறு வரவில்லை. சொல்லில் சயம் போய்க் காசம் வந்ததுபோல, கொள்கையிலும் தேய்வு மறைந்து கிருமி மட்டும் மிஞ்சியது.

கேட்கப்படாத அந்தக் கேள்வியை ஜார்க்கண்டில் 2019க்கும் 2022க்கும் இடையில் கேட்டார்கள். நாலு மாவட்டங்கள், 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். எல்லா நோயாளிகளுக்கும் உணவுப் பொட்டலம் கொடுத்தார்கள். ஒரு பகுதிக் குடும்பங்களில் மட்டும், வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரை. 2023இல் முடிவு வெளிவந்தது. சோறு போன வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. கிருமி உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் குறைவு 48 சதவீதம். முதல் இரண்டு மாதத்தில் எடை கூடிய நோயாளிகளில் சாவும் குறைந்தது. ஒரு தடுப்பூசிக்கு இந்த எண்கள் கிடைத்திருந்தால் உலகமே கொண்டாடியிருக்கும். 1968இல் செங்கல்பட்டில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் தொடங்கிய பெரும் பி.சி.ஜி. ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்றுதான் காட்டியது. ஊசி செய்யாததை அரிசியும் பருப்பும் செய்திருக்கின்றன. இந்த ஆய்வில் சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் - இப்போது அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் - பங்கு உண்டு. தன் பழைய பிரதியை அது தானே திரும்ப வாசித்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதைப் படித்தபோது எங்கள் வீட்டு முட்டை ஞாபகம் வந்தது. அப்பாவுக்குத் தினம் ஒரு முட்டை கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். வருமானம் நின்றுபோன வீட்டில் அந்த ஒரு முட்டை எங்கிருந்து வந்தது? அக்காவும் அம்மாவும் சாப்பிடாமல் விட்டதிலிருந்து வந்தது. அக்கா அந்த வருஷம் மெலிந்துபோனதை 'கல்யாண வயசு, டயட்டு' என்று கிண்டல் செய்தவன் நான். 'வீட்டுச் சிகிச்சை' என்று ஆய்வுகள் எழுதுகிற வீட்டுக்குள் பெரும்பாலும் ஒரு பெண் இருக்கிறாள். சானடோரியத்தின் சமையல்காரர், நர்ஸ், வண்ணார் எல்லாரும் செய்த வேலையை அவள் சம்பளமில்லாமல் செய்கிறாள். அரசு மிச்சம்பிடித்த படுக்கைச் செலவு எங்கேயும் காணாமல் போகவில்லை. அவள் தட்டிலிருந்து கழிக்கப்பட்டது.

6

அப்படியானால் வீடு தோற்றுவிட்டது, படுக்கையே வேண்டும் என்கிறேனா? இல்லை. எதிர்நிலையாக வைத்ததுதான் தவறு என்கிறேன்.

2022இல் தமிழக அரசு 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்ற ஒன்றைத் தொடங்கியது. நோய் கண்டுபிடித்த உடனே எடை, மூச்சுத் திணறல், கால் வீக்கம், தானாக எழுந்து நிற்க முடிகிறதா - இவ்வளவுதான் பார்க்கிறார்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாம். மோசமாக இருப்பவர்களைப் படுக்கையில் சேர்த்து உணவோடு சிகிச்சை தருகிறார்கள். ஏனென்றால் காசநோய்ச் சாவுகளில் பெரும்பகுதி மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே நடந்துவிடுகிறது. ஆக, வேண்டியவர்களுக்குப் படுக்கை திரும்பி வந்திருக்கிறது, தனிமைப்படுத்துவதற்காக அல்ல, பிழைக்கவைப்பதற்காக. மத்திய அரசு 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் ஊட்டத்தொகை கொடுத்தது. 2024 நவம்பரில் அது 1,000 ஆயிற்று. நோயாளிக்கு மட்டும்தான். கூட இருக்கும் அக்காக்களுக்கும் அரிசி பருப்புதான் மருந்து என்று ஜார்க்கண்ட் சொன்னதற்கு ஏற்ற அளவில் இன்னும் எதுவும் நடக்கவில்லை.

இன்னொரு பக்கம், 'வீடு' என்ற இந்தக் கருத்து தொற்றுநோயைத் தாண்டி நாட்பட்ட நோய்களுக்கும் வந்துவிட்டது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அம்மாவுக்கு இரண்டும் உண்டு. மாதாமாதம் மகளிர் குழுவிலிருந்து வருகிற ஒரு பெண் வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறாள். நான் குறை சொல்ல மாட்டேன். கூலி வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். சர்க்கரை இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்பதால் இரண்டு கதைகளும் ஒரே கதைதான். ஆனால் பழைய கேள்வி அப்படியே இருக்கிறது. மாத்திரை வீட்டுக்கு வருகிறது. ரேஷன் அரிசியையே மூன்று வேளையும் தின்கிற உடம்புக்குச் சர்க்கரை ஏன் வந்தது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு யாரும் வீட்டுக்கு வரவில்லை. ஊக்கத்தொகைக்கு வீடு வீடாக நடக்கிற அந்தப் பெண்ணின் பிரஷரை யார் பார்க்கிறார்கள் என்றும் தெரியவில்லை.

கடைசியாக, நம்மைப் பற்றி. அதிகாரம், கண்காணிப்பு என்ற சொற்களோடு இந்த வரலாற்றை வாசித்தால் ஒரு நல்ல கட்டுரை எழுதிவிடலாம். அங்கன்வாடியில் வாயைத் திறந்து காட்டிய அப்பா அந்தக் கட்டுரைக்குப் பொருத்தமான படம். நானும் அப்படி ஒன்றை எழுதத் தொடங்கினேன். எழுத எழுத வேறொன்று குறுக்கே வந்தது. டிஃபால்டர் என்று மிரட்டிய அதே சுகாதாரப் பார்வையாளர்தான், அந்த ஆறேழு மாதத்தில் எங்கள் வீட்டுக்குள் வந்து பாயில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்த ஒரே வெளியாள். சொந்தக்காரர்கள் வாசலோடு நின்றார்கள். கண்காணித்ததும் கவனித்ததும் ஒரே ஆள். கோட்பாடு முதலாவதைச் சொல்லித்தந்தது, அதற்கு நன்றி. இரண்டாவதைச் சொல்ல நம்மிடம் என்ன சொல் இருக்கிறது? தமிழில் 'கவனிப்பு' என்ற சொல்லிலேயே இரண்டும் இருக்கின்றன: உற்றுப்பார்ப்பது, பேணுவது. அரசு முதலாவதை எடுத்துக்கொண்டது என்று குற்றம்சாட்டிவிட்டு நாமும் முதலாவதோடு நின்றுவிட்டோம்.

பொதுச் சுகாதாரம் என்பது கணக்கு. 193 பேர், 86 சதவீதம், 92 சதவீதம், 39 சதவீதம். இந்த எண்களை மருத்துவர்களிடமும் அதிகாரிகளிடமும் விட்டுவிட்டு நாம் உருவகங்களை மட்டும் எடுத்துக்கொண்டது போதும் என்று நினைக்கிறேன். ஜார்க்கண்டு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, காசநோயாளி இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் எல்லாருக்கும் பருப்பு வேண்டும் என்று கேட்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சிரப் கொடுக்காதே, சளியைப் பார் என்று ஒவ்வொரு மெடிக்கல் ஷாப் வாசலிலும் கேட்கலாம். தனி டம்ளர் வேண்டாம் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லலாம்.

போன மாதம் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் கேட்டேன், அப்பாவுடைய அந்த டம்ளர் எங்கே என்று. "அதுலதான் ஒனக்கு இப்பக் காப்பி குடுத்தேன்" என்றாள்.